ஜீவனாம்ச உத்தரவை எதிர்க்கக் கெடு முடிந்துவிட்டதா? தாமத மன்னிப்பு மனு போடும் முறை

குழந்தைக்கு மாதம் இவ்வளவு என்று நீதிமன்றம் உத்தரவு போட்டாயிற்று. கொடுக்கிற அளவுக்குச் சம்பளமே இல்லை என்று அப்பாவுக்குக் குறை. பள்ளிக் கட்டணத்துக்கே காணாது என்று அம்மாவுக்குக் குறை. மேலே போகலாம் என்று வக்கீல் அலுவலகப் படி ஏறும்போதுதான் கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது தெரிகிறது. அதனால் மட்டும் வழக்கு செத்துவிடாது. காலவரையறைச் சட்டம் 1963-இன் 5-ஆம் பிரிவு, போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அது உரிமை அல்ல, நீதிபதியின் விருப்புரிமை. மனு எழுதுகிற விதத்தில்தான் பெரும்பாலும் ஜெயிப்பதும் தோற்பதும்.

முதலில் கையில் இருக்கும் உத்தரவு எந்தச் சட்டத்தில் வந்தது என்று பாருங்கள். கெடுவும், போக வேண்டிய நீதிமன்றமும் அதைப் பொறுத்தவை. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தில் பெரும்பகுதி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்தவை. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடரும். மனுவின் தலைப்பில் பிரிவை மாற்றிப் போட்டால் அலுவலகம் திருப்பித் தரும்.

இந்தப் பிரிவில் குடும்ப நல நீதிமன்றம் கொடுத்த இறுதி உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984-இன் 19(4)-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான், அதாவது கீழ் நீதிமன்ற உத்தரவு சரியா என்று பார்க்கக் கேட்கும் மனு. நெல்லை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் பக்கத்து வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும். சென்னை, கோவை, சேலம், வேலூர் பக்கத்தவை சென்னைக்கு. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊரில் நீதித்துறை நடுவர் உத்தரவு போட்டிருந்தால், செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு போடலாம். ஒன்றில் போட்டுத் தோற்றால் அதே ஆள் மற்றொன்றில் மறுபடி சீராய்வு போட முடியாது. அதனால் முதல் தேர்வை யோசித்துச் செய்யுங்கள். இரண்டு இடத்துக்கும் கெடு ஒன்றுதான்: காலவரையறைச் சட்ட அட்டவணையின் 131-ஆவது இனப்படி, உத்தரவு தேதியிலிருந்து 90 நாள்.

மற்ற சட்டங்களில் கணக்கு வேறு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் பிள்ளைக்குப் பணம் உத்தரவானால், செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. உத்தரவு சார்வு செய்யப்பட்ட, அதாவது உரியவரிடம் சேர்க்கப்பட்ட, நாளிலிருந்து 30 நாள். இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் குடும்ப நல நீதிமன்றம் இறுதி உத்தரவு போட்டிருந்தால், ஒரு சட்டம் 30 நாள் என்கிறது, இன்னொன்று 90 நாள் என்கிறது. 30 என்றே வைத்துக்கொண்டு ஓடுவது நல்லது. அந்தச் சர்ச்சையை உங்கள் செலவில் தீர்த்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை. இடைக்கால ஜீவனாம்சத்தின் மீது சீராய்வு நிற்குமா என்பதிலும் தீர்ப்புகள் ஒரே பக்கம் இல்லை; அதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்த கேள்வி, உத்தரவு எக்ஸ்பார்ட்டியா? நீங்கள் ஆஜராகாமல் ஒருதலையாக வந்த உத்தரவு என்றால் நேராக உயர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில், அதை நீக்கக் கேட்டு மனு போடலாம். புதிய சட்டத்தில் 145(2), பழைய சட்டத்தில் 126(2). கெடு, உத்தரவு தேதியிலிருந்து 3 மாதம். 90 நாள் அல்ல, காலண்டர் மாதக் கணக்கு. உத்தரவு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று சில தீர்ப்புகள் சொன்னாலும் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 3 மாதம் தாண்டியிருந்தால் இரண்டு மனு சேர்த்துப் போடுங்கள்: தாமதத்தை மன்னிக்க ஒன்று, எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்க ஒன்று. இரண்டுக்கும் பிரமாணப் பத்திரத்தில் காரணம் வேறுபடும். முதலாவதில் ஏன் தாமதமாக வந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் ஏன் அன்று ஆஜராகவில்லை என்று. ஒரே பத்தியை இரண்டிலும் ஒட்டிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

இனி நாள் கணக்கு. இதைச் சரியாகப் போடாமல் மனு எழுத உட்காரவே கூடாது. மனுவில் “61 நாள் தாமதம்” என்று திட்டவட்டமான எண் வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் பதிவாளர் அலுவலகம் வழக்குக் கட்டைத் திருப்பும்.

சான்றிட்ட நகலின் பின்பக்கத்திலோ கடைசித் தாளிலோ ஒரு முத்திரை இருக்கும். நகல் மனு கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், முத்திரைத்தாள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் வாங்கிய நாள் என்று வரிசையாகத் தேதிகள். நகல் கிடைக்கத் தேவைப்பட்ட காலத்தை, காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி 90 நாளில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மூன்று நிபந்தனை. நகல் மனு கொடுப்பதற்கு முன் நீதிமன்றம் உத்தரவைத் தயார் செய்ய எடுத்த நாட்கள் கழியாது. ஆகவே உத்தரவு சொன்ன அன்றே நகல் மனு போட வேண்டும். முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நீங்கள் கட்டாமல் விட்ட நாட்கள் உங்கள் கணக்கு. நகல் தயாராகிக் கிடந்த நாட்களும் அப்படியே.

உதாரணமாக உத்தரவு 10.01.2025. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 90-ஆவது நாள் 10.04.2025. நகல் மனு 24.01.2025 அன்று கொடுத்து, முத்திரைத்தாளும் தாமதமின்றிக் கட்டி, 12.02.2025 அன்று நகல் தயார். இரு நாளும் சேர்த்து 20 நாள் கழியும். கடைசி நாள் 30.04.2025. மனு தாக்கலானது 30.06.2025 என்றால் தாமதம் 61 நாள். கடைசி நாள் நீதிமன்ற விடுமுறைக்குள் விழுந்தால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி திறக்கும் நாளில் போடலாம். ஆனால் இங்கே கடைசி நாள் ஏப்ரல் 30. மே மாதக் கோடை விடுமுறை தொடங்குமுன்பே கெடு முடிந்துவிட்டதால் அந்த ஒரு மாதமும் தாமதக் கணக்கில்தான் சேரும். கோடை விடுமுறை எப்படியும் கழிந்துவிடும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் வருஷா வருஷம் உண்டு.

பிள்ளை மைனர் என்பதால் கெடு நீளாது. மைனருக்கான சலுகையைத் தரும் காலவரையறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, வழக்கு தொடுப்பதற்கும் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்பதற்கும்தான், சீராய்வுக்கு உதவாது. தொகையை உயர்த்தக் கேட்கும் அம்மாவுக்கும் அதே 90 நாள்.

பிரமாணப் பத்திரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஓடும் தாமத மனுக்கள் பலவற்றில் இப்படி ஒரு பத்தி இருக்கும்: “எனக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டதால் உரிய காலத்தில் மனு தாக்கல் செய்ய இயலவில்லை. தாமதம் வேண்டுமென்றோ உள்நோக்கத்துடனோ ஏற்பட்டதல்ல. தாமதத்தை மன்னிக்காவிட்டால் எனக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படும்.” இதில் தேதி இல்லை, நோய் என்னவென்று இல்லை, தாள் இல்லை. நீதிபதி இதை ஒரு நாளில் இருபது முறை படிக்கிறார்.

இதையே இப்படி எழுதலாம்: “18.04.2025 அன்று சாலை விபத்தில் என் வலது கால் எலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். 02.05.2025 அன்று வீடு திரும்பினேன். டிஸ்சார்ஜ் சம்மரி இணைப்பு 3. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்தது இணைப்பு 4. அந்தக் காலம் 13.06.2025 அன்று முடிந்தது. 16.06.2025 திங்களன்று சென்னை வந்து வக்கீலிடம் கட்டை ஒப்படைத்தேன். கீழ் நீதிமன்ற சாட்சியங்களின் நகல் குறைவாக இருந்ததால் அவற்றை வாங்கிவர 25.06.2025 வரை ஆயிற்று. நகல் முத்திரை இணைப்பு 5. 30.06.2025 அன்று மனு தாக்கலாகிறது.”

இதில் கவனிக்க வேண்டியது, விபத்து நடந்தது கெடு முடிவதற்கு முன். கெடு முடிந்த பிறகு வந்த காரணம், கெடுவைத் தவறவிட்டதற்குக் காரணம் ஆகாது. மே 10 அன்று விபத்து நடந்திருந்தால், ஏப்ரல் 30-க்குள் ஏன் போடவில்லை என்ற கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது. இரண்டாவது, வெற்று நாட்கள். ஒரு தாளில் கெடு முடிந்த நாளிலிருந்து தாக்கல் செய்த நாள்வரை தேதிகளை எழுதி, எந்த இடைவெளிக்கு எந்தத் தாள் இருக்கிறது என்று எதிரே குறியுங்கள். தாள் இல்லாத இடைவெளி பத்து நாளைத் தாண்டினால் அதற்கு நேர்மையான ஒரு வாக்கியமாவது வேண்டும். “பணம் புரட்ட முடியவில்லை, நகை அடகு வைத்த ரசீது இணைப்பு 6” என்று எழுதுவது, எதுவும் சொல்லாமல் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மொத்த நாட்களைவிட விளக்கத்தைத்தான் நீதிமன்றம் எடை போடுகிறது. 1998-இல் என்.பாலகிருஷ்ணன் எதிர் எம்.கிருஷ்ணமூர்த்தி வழக்கில், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்ட மனு தள்ளுபடியானதை ரத்து செய்யக் கேட்டு வந்ததில் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னித்தது. தாமதத்தின் நீளம் முக்கியமில்லை, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. இதை மேற்கோள் காட்டாத தாமத மனு அரிது. ஆனால் எதிர்த்தரப்பும் சும்மா இராது. 2013-இல் பசவராஜ் வழக்கிலும் 2024-இல் பதபதி சுப்பா ரெட்டி வழக்கிலும், இரக்கத்தை மட்டும் வைத்துக் காலவரையறையைத் தள்ளிவைக்க முடியாது என்று அதே நீதிமன்றம் கண்டிப்பாகப் பேசியிருக்கிறது. சமீப காலமாகக் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது. பழைய தீர்ப்பு ஒன்றை நம்பிக் காரணத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

நோய் என்றால் சிகிச்சைக் காலத்தில் எழுதப்பட்ட தாள்கள் வேண்டும்: சேர்க்கைச் சீட்டு, லேப் ரிப்போர்ட், மருந்துக்கடை பில். தாமத மனுக்களில் மஞ்சள் காமாலைக்குத் தனி இடம் உண்டு. பத்தியம், ஓய்வு, நாட்டு மருந்து என்று தாள் இல்லாமல் ஒப்பேற்ற வசதியான நோய். அதனாலேயே அந்தச் சொல்லைப் பார்த்ததும் நீதிபதிக்குச் சந்தேகம் வரும். நிஜமாகவே காமாலை என்றால் பிலிருபின் அளவு காட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளைச் சேருங்கள். முன்தேதியிட்ட சான்றிதழ் வாங்கிப் போடாதீர்கள். மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்டால் மனுவோடு நம்பகத்தன்மையும் போய்விடும். பொய்ப் பிரமாணத்துக்குத் தனி வழக்கும் வரலாம்.

வெளிநாட்டில் வேலை என்றால் பாஸ்போர்ட்டில் புறப்பாடு, வருகை முத்திரை உள்ள பக்கங்களை நகலெடுங்கள். துபாயிலோ குவைத்திலோ இருந்தபடி மனு போட வேண்டுமானால், வக்காலத்தையும் பிரமாணப் பத்திரத்தையும் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அந்த அப்பாயின்ட்மென்ட் கிடைக்கப் பிடித்த நாட்களையும் ரசீதோடு மனுவில் காட்டலாம். நோட்டீஸே வரவில்லை என்பது உங்கள் வாதமா? கீழ் நீதிமன்றக் கட்டிலுள்ள சார்வு அறிக்கையின் நகலை முதலில் வாங்கிப் பாருங்கள். பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியதா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பது அதில் இருக்கும். அதைப் பார்க்காமல் “நோட்டீஸ் வரவில்லை” என்று சத்தியம் செய்துவிட்டு, உங்கள் அம்மா கையெழுத்துப் போட்ட அட்டையை எதிர்த்தரப்பு நீட்டினால் எழுந்து நிற்க முடியாது.

முந்தைய வக்கீல் சொல்லவில்லை என்ற காரணம் மிகப் பழசு, மிக மெலிசு. வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று தீர்ப்புகள் இருந்தாலும், அவரைத் தொடர்ந்து விசாரித்ததற்குச் சான்று கேட்பார்கள். கட்டைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய பதிவுத் தபால், வாட்ஸ்அப் செய்திகள் உதவும். அலைபேசித் திரைப் பிரதிகளோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும். பழைய வக்கீலிடமிருந்து தடையின்மை ஒப்பம் வாங்காமல் புது வக்காலத்துப் போட முடியாமல் நாள் போயிருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள்.

தாக்கல் செய்யும்போது சீராய்வு மனுவும் தாமத மனுவும் சேர்ந்தே போகும். முதன்மை மனுவுக்கு அப்போது எஸ்.ஆர். எண் என்ற தற்காலிக எண்தான் கிடைக்கும், தாமத மனுவுக்கு எண் விழுந்து, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், விசாரணை முடிந்து அனுமதியானால்தான் சீராய்வுக்கு எண். அலுவலகம் குறை சொல்லிக் கட்டைத் திருப்பினால் குறிப்பிட்ட நாளுக்குள் சரிசெய்து மறுதாக்கல் செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் மறுதாக்கல் தாமதத்துக்குத் தனியாக இன்னொரு மன்னிப்பு மனு. முதல் தாமதம் 61 நாளாகவும் மறுதாக்கல் தாமதம் 200 நாளாகவும் ஆன கட்டுகள் உண்டு. வக்கீல் அலுவலகத்துக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை போன் செய்யத் தயங்காதீர்கள்.

பணம் கட்ட வேண்டியவர் ஒன்றை மறக்கக் கூடாது: தாமத மனு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது. மாதத் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு; ஆகவே உத்தரவு வரும்போதே நிலுவை பெரிதாக இருக்கும். கட்டாவிட்டால் வாரண்ட், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறை போய்வந்தாலும் கடன் தீராது. தடை உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் அது பெரும்பாலும் கிடைக்கும். எங்கள் யோசனை: வழக்கு எப்படிப் போனாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையை மாதா மாதம் பிள்ளையின் அம்மாவின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கையில் கொடுக்காதீர்கள், கணக்கில் போடுங்கள். அந்த வங்கி அறிக்கையை இணைத்த தாமத மனுவை நீதிபதி பார்க்கும் விதமே வேறு. பிள்ளைக்கு ஒரு ரூபாயும் தராமல் 300 நாள் கழித்து வந்து “நீதி வேண்டும்” என்பவருக்குப் பொறுமையாகக் காது கொடுப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

எதிர்த்தரப்பில் இருப்பவர் செய்ய வேண்டியது எளிது. எதிருரையில் பொதுவாகத் திட்டுவதை விட்டுவிட்டு, வெற்று நாட்களை எண்ணிக் காட்டுங்கள். நடக்க முடியாமல் படுத்திருந்ததாகச் சொன்ன மாதத்தில் வேறொரு வழக்கில் அவர் ஆஜரானது இ-கோர்ட்ஸ் தளத்தில் தெரிந்தால், அந்த ஒரு தாள் போதும். மன்னிப்பது உறுதி என்று தோன்றினால், நிலுவையில் பாதியைக் கட்டும் நிபந்தனையும் செலவுத் தொகையும் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். ஜீவனாம்ச உத்தரவின் நகலும் யாருக்குச் சாதகமாக வந்ததோ அவருக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

தாமத மனுவே வேண்டாத சந்தர்ப்பமும் இருக்கிறது. உத்தரவு வந்தபோது சரியாகத்தான் இருந்தது, பிறகு வேலை போயிற்று, சம்பளம் குறைந்தது, பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை வந்தது, கல்லூரி சேர்ந்தாள் என்றால் அது சூழ்நிலை மாற்றம். அதற்குப் புதிய சட்டத்தின் 146-ஆம் பிரிவில், பழைய சட்டத்தில் 127-இல், உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே தொகையை மாற்றக் கேட்கலாம். அதற்கு 90 நாள் கெடு கிடையாது. 400 நாள் தாமதத்துக்குக் காரணம் தேடி அலைவதைவிட இது பல நேரம் சீக்கிரம் முடியும். ஆனால் பழைய நிலுவையை இது அழிக்காது.

தாமத மனு அனுமதியானால் உத்தரவைக் கடைசி வரி வரை படியுங்கள். “ரூ.5,000 செலவுத் தொகையை இரண்டு வாரத்துக்குள் மனுதாரர் எதிர்மனுதாரருக்குச் செலுத்த வேண்டும், தவறினால் மனு தானாகத் தள்ளுபடியாகும்” என்பது போன்ற நிபந்தனை அங்கேதான் ஒளிந்திருக்கும். பணத்தைக் கட்டி, ரசீதை மெமோவோடு தாக்கல் செய்து, அந்த மெமோவில் நீதிமன்ற முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.